‘முடியும்’ என்று சொல்வதற்கு முன்

போன வருஷம் இண்டர்ன்ஷிப்புக்காக பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மூன்று மாதம் இருந்தேன். அங்கே நான் அதிகம் சொன்ன சொல் “போலே”. எதைக் கேட்டாலும் போலே, முடியும், பிரச்சினை இல்லை. அதுதான் நல்ல மனப்பான்மை என்று நினைத்தேன்.

ஒருநாள், நல்ல சிப்புகளையும் பழுது என்று தள்ளிக்கொண்டிருந்த ஒரு சோதனை இயந்திரத்தைப் பார்க்கச் சொன்னார்கள். “எப்ப ரெடி ஆகும் தம்பி?” என்று லைன் லீடர் அக்கா கேட்டார். சாக்கெட்டைத் துடைத்தால் சரியாகிவிடும் என்று நானே முடிவு கட்டி, “வெள்ளிக்கிழமை கண்டிப்பா முடிச்சிடுவேன் அக்கா” என்றேன். என் பேச்சை நம்பி அந்த வார வேலைக்கு அட்டவணை போட்டார்கள்.

உண்மையில் சாக்கெட்டின் ஊசிகள் தேய்ந்திருந்தன. புதுசு வெளிநாட்டிலிருந்து வரணும். ஸ்டோரில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் திங்கட்கிழமையே தெரிந்திருக்கும். நான் கேட்கலை. வெள்ளி போனது. மீதி வேலையை வேறு இயந்திரத்தில் முடிக்க, சனிக்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். அன்றைக்கு அவர் மகளுக்குப் பள்ளியில் பரதநாட்டியம். லீவு ஒரு மாதம் முன்பே எடுத்து வைத்திருந்தார். என்னைத் திட்டவில்லை. “முடியாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேற வழி பார்த்திருப்பேன் லா” என்றார். அவ்வளவுதான்.

அன்று ஒன்று புரிந்தது. கணக்குப் பார்க்காத நம்பிக்கைக்கு விலை உண்டு. அதைப் பெரும்பாலும் வேறு யாரோதான் கொடுக்கிறார்கள்.

நம்ம ஊர் சொல்லும் பாடம்

1969ல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சொங் இயூ, “பழைய வியாபாரம் திரும்பி வரும்” என்று காத்திருக்கவில்லை. “இனி ஒன்றும் இல்லை” என்று உட்காரவும் இல்லை. போனது போனதுதான் என்று ஒப்புக்கொண்டு, கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். வேலை தேடும் இளைஞர்கள் இருந்தார்கள். வயல்வெளிக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் இருந்தது. மின்னணுப் பொருள்கள் எடை குறைந்தவை, விமானத்தில் போகக்கூடியவை. 1972ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தது. இன்டெல் அதே ஆண்டு அங்கே ஆலை தொடங்கியது. 1975ல் அந்த ஆலை தீயில் அழிந்தது. மறுபடியும் எழுப்பினார்கள். இன்றும் இங்கே இருக்கிறது.

வள்ளுவரும் இப்படித்தான்

திருக்குறளின் பொருட்பாலில் 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். நாலும் ‘இறங்குமுன் அளந்து பார்’ என்கிறவை. அதே பொருட்பாலில் 62 ஆள்வினையுடைமை, 63 இடுக்கணழியாமை. இவை ‘இறங்கியபின் துவளாதே’ என்கின்றன. ஒன்றை மட்டும் படித்தால் பாதிப் பாடம்தான்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலை ஏறுகிறவரைப் பாருங்கள். முருகன் ஏற்றிவிடுவான் என்ற நம்பிக்கை குறைவே இல்லை. ஆனாலும் விரதம் இருக்கிறார், உடம்பைத் தயார் செய்கிறார், 500க்கும் மேற்பட்ட படிகள் உண்டு என்று தெரிந்தே காலை வைக்கிறார். அவர் நம்பிக்கையால் தயாரிப்பு குறையவில்லை.

வேலையில் எப்படிச் செய்வது?

1. தேதி சொல்லும் முன் ஒரே ஒரு கேள்வி: இது என் கையில் மட்டும் இருக்கிறதா? பொருள், அனுமதி, இன்னொருவர் நேரம் தேவையென்றால் முதலில் அவர்களைக் கேளுங்கள்.

2. வேலை தோற்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, ‘ஏன் தோற்றது?’ என்று மூன்று காரணம் எழுதுங்கள். உளவியலாளர் கேரி கிளைன் குழுக்களுக்குச் சொல்லும் முறை இது. பயப்படுவதற்காக இல்லை, முன்கூட்டியே அடைக்க வேண்டிய ஓட்டையைப் பார்ப்பதற்காக.

3. ‘முடியாது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எது முடியும், எப்போது முடியும், அதற்கு என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இண்டர்ன்ஷிப்பின் கடைசி மாதம் இன்னொரு இயந்திரம் என்னிடம் வந்தது. ஸ்டோருக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, “வெள்ளி ஆகாது அக்கா. பாகம் திங்கள் வருது. வந்தா செவ்வாய் மதியம் ரெடி. வரலைன்னா திங்கள் சாயங்காலமே சொல்லிடுறேன்” என்றேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது, திறமையில்லாதவன் என்று நினைப்பாரோ என்று. அக்கா தலையாட்டிவிட்டு, அட்டவணையில் இரண்டு பெட்டியை மாற்றி எழுதினார். அந்தச் சனிக்கிழமை யாரும் ஓவர்டைம் வரவில்லை.

கலந்து பேச

• யோசிக்காமல் நீங்கள் சொன்ன ஒரு ‘முடியும்’, யாருக்குச் சுமையானது?

• பயத்தால் ‘முடியாது’ என்று சொல்லி நீங்கள் விட்ட வாய்ப்பு எது? அன்று உண்மையில் கணக்குப் பார்த்தீர்களா?