நெல்லின் சத்து உடலிற் சேரும் வழி

பெரும்போக நெல் களத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் கமக்காரர் அதனை மூன்றாகப் பிரிப்பர். ஒரு பகுதி விதைக்கு. ஒரு பகுதி விற்பனைக்கு. எஞ்சியது வீட்டுச் சாப்பாட்டுக்கு. விதைநெல்லின் முளைதிறனைப் பற்றியும் விற்கும் நெல்லின் விலையைப் பற்றியும் கொள்ளும் கவலையிற் பாதியேனும் சாப்பாட்டு நெல்லைப் பற்றி எவரும் கொள்வதில்லை. வயலில் நெல்மணி சேர்த்துவைத்த சத்தில் எவ்வளவு ஆலையிற் போகின்றது, எவ்வளவு கழுநீரோடும் வடிகஞ்சியோடும் போகின்றது, மிஞ்சியது குடலினூடாக இரத்தத்திற் சேர்வதற்கு எவை துணையாகின்றன என்பவற்றை இங்கு கூறுவோம்.

நெல்மணியில் உள்ளவை

நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமியாகும். உமியை நீக்கினால் மணியைப் போர்த்திருக்கும் மெல்லிய தோலும், அதன் ஒரு முனையில் ஒட்டியிருக்கும் முளையும் தெரியும். அரிசியைத் தீட்டும்போது தவிடாக உதிர்பவை இவையே. நெல்லின் நிறையில் இவை நூற்றுக்கு 8 முதல் 10 பங்கிற்கு மேற்படா. எனினும் உமி நீங்கிய அரிசியிலுள்ள எண்ணெய், நார்ப்பொருள், இரும்புச் சத்து, பீ வகை விற்றமின்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி இச்சிறு பகுதியிலேயே அடங்கியுள்ளது. நடுவே எஞ்சும் வெள்ளை மணி பெரும்பாலும் மாப்பொருள். புரதம் அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கே உண்டு.

ஆகவே இரண்டு மூன்று முறை தீட்டி வெண்மையாக்கிய அரிசியை நாம் உண்கின்றோம். தவிட்டை மாடும் கோழியும் உண்கின்றன. அவை கொழுத்திருப்பதில் வியப்பில்லை.

கோழிகள் கற்பித்த பாடம்

இவ்வுண்மை முதலில் வெளிப்பட்டதும் கோழிகளாலேயே. 1889ஆம், 1890ஆம் ஆண்டளவில் யாவாத் தீவின் பத்தேவியா நகரில் எய்க்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்து வந்தார். கால்கள் சோர்ந்து, நரம்புகள் தளர்ந்து, ஈற்றில் இதயம் பழுதுற்று மக்கள் இறக்கும் நோய் அது. ஆய்வுகூடத்துக் கோழிகளும் அதனை ஒத்த நோயால் நடக்கவியலாது விழுந்தன. பின்னர் அவை தாமாகவே குணமடைந்தன. காரணத்தைத் தேடியபோது, நோயுற்ற காலத்தில் அவற்றுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு இடப்பட்டது என்பது தெரியவந்தது. இராணுவத்தாரின் சோற்றைக் கோழிகளுக்குக் கொடுக்கலாகாது என்று புதிய சமையற்காரர் மறுத்துவிட்டார்; அதன்பின் தீட்டாத அரிசி இடப்பட்டது; கோழிகள் எழுந்து நடந்தன.

அரிசியில் ஒரு நஞ்சு இருக்கின்றதென்றும் தவிடு அதனை முறிக்கின்றதென்றும் எய்க்மன் முதலிற் கருதினார். உடலுக்கு வேண்டிய ஒரு பொருள் தவிட்டோடு போய்விடுவதே காரணம் என 1901இல் அவருடைய உடனாய்வாளர் கிறைன்ஸ் விளக்கினார். 1926இல் அப்பொருள் பத்தேவியாவிலேயே தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதனைத் தயமின் என்றும் விற்றமின் பீ1 என்றும் அழைக்கின்றோம். எய்க்மன் 1929இல் நொபெல் பரிசு பெற்றார்.

புழுங்கலின் சிறப்பு

மலாயாவிலும் அக்காலத்தில் பெரிபெரி பரவியிருந்தது. அங்கு தீட்டிய பச்சையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பலர் இந்நோயால் மடிந்தனர். அருகிலேயே வேலைசெய்த தமிழ்த் தொழிலாளருக்கோ அது அரிதாகவே வந்தது. அவர்கள் புழுங்கலரிசி உண்டனர். இவ்வேறுபாட்டை அங்கிருந்த மருத்துவர்கள் 1907ஆம் ஆண்டளவில் நூலாகவும் கட்டுரையாகவும் வெளியிட்டனர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தோலிலும் முளையிலும் உள்ள தயமினின் ஒரு பகுதி நீரிற் கரைந்து மணியின் உள்ளே இறங்குகின்றது. பின்னர் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. தீட்டிய பச்சையரிசி 100 கிராமில் ஏறத்தாழ 0.07 மில்லிகிராம் தயமின் உண்டு. தீட்டிய புழுங்கலில் ஏறத்தாழ 0.2, தீட்டாத அரிசியில் ஏறத்தாழ 0.4 மில்லிகிராம். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 1.1 முதல் 1.2 மில்லிகிராம். வயலில் வேலைசெய்பவர் நாளுக்கு 400 கிராம் அரிசி உண்பாராயின், எந்த அரிசி எவ்வளவு தரும் என்பதை அவரே கணக்கிட்டுக் கொள்ளலாம். மாப்பொருளைச் சத்துவமாக மாற்றுவதற்கே தயமின் வேண்டப்படுவதால், சோறு மிகுதியாக உண்பவருக்கு அதன் தேவையும் மிகுதி.

பலவகைக் கறிகளுடன் உண்பதால் எமது ஊர்களிற் பெரிபெரி இன்று அரிது. ஆயினும் ஒருகாலத்திற் பட்டணத்து நோய் எனப்பட்ட நீரிழிவு இன்று உழுபவர் வீட்டிலும் புகுந்துவிட்டது. தவிடு நீங்காத அரிசியும் புழுங்கலும் பொதுவாக வெள்ளைப் பச்சையரிசியிலும் மெதுவாகவே சமிபாடடைந்து இரத்தத்திற் சர்க்கரையைச் சேர்க்கின்றன. விருந்துக்கு வெள்ளையரிசி வேண்டுமென்பாருடன் நாம் வழக்காடவில்லை; நாள்தோறும் உலையிலிடும் அரிசியைப் பற்றியே பேசுகின்றோம்.

சாப்பாட்டு நெல்லை இயன்றவரை அவித்தே குற்றுதல் வேண்டும். ஊறவைக்கும் நீரைப் பலநாள் மாற்றாது விட்டால் அரிசியில் நாற்றம் பற்றும். அவித்த நெல்லைக் கடும் வெயிலில் ஒரேயடியாகக் காயவிட்டால் மணி வெடித்துக் குறுநொய் கூடும். இடையிடையே நிழலிற் குவித்து ஆறவிடுக. ஆலையில் உமி நீங்கி இலேசாகத் தீட்டினாற் போதும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தல் நன்று. தவிட்டு எண்ணெய் விரைவிற் சிக்கல் நாற்றம் அடைவதால், தீட்டாத அரிசியை மூடைக்கணக்கிற் குற்றி வையாது, ஒன்றிரண்டு கிழமைக்கு வேண்டியதை மட்டும் குற்றுவித்தல் வேண்டும். நெல்லாக இருக்கும்வரை அது கெடாது.

சமையலறையில்

தயமின் நீரிற் கரையும். கழுநீர் தெளிவாக வரும்வரை நாலைந்து முறை பிசைந்து கழுவுவது, கல்லும் தூசியும் அற்ற வீட்டரிசிக்கு வேண்டாத வேலை. அளவாக நீர்விட்டு வற்றவைப்பதே சிறந்தது. கஞ்சி வடித்தால் அதனை உப்பிட்டுக் குடித்துவிடலாம். பயறு, கடலை விரைவில் அவிவதற்கு அப்பச்சோடா இடுவோர் உளர். அது தயமினை அழித்துவிடும். முதல்நாள் இரவே ஊறவிடுதல் அதற்கு மாற்று.

குடலில் நிகழ்வது

ஒருபிடி வெறுஞ்சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தோன்றும். உமிழ்நீர் மாப்பொருளைச் சர்க்கரையாக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. வரம்பில் இருந்து அவசரமாக விழுங்கும் சோற்றுக்கு இவ்வாய்ப்புக் கிடைப்பதில்லை. இரைப்பையில் அமிலமும் புரதத்தைப் பிரிக்கும் நீரும் சேர்கின்றன. பின்னர் 20 அடி அளவு நீளமுள்ள சிறுகுடலில் ஈரலின் பித்தநீரும் சதையியின் நீரும் கலந்து வேலையை முடிக்கின்றன. சத்து இரத்தத்திற் சேர்வது பெரும்பாலும் இங்கேயே.

உணவுகள் ஒன்றுக்கொன்று துணையாவதும் தடையாவதும் இவ்விடத்திற்றான். சோற்றின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறு, உழுந்து, கௌபி ஆகியவற்றில் அது மிகுதி. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்புவகை சேர்ந்தால் இரண்டின் புரதமும் உடலுக்கு நன்கு பயன்படும். பயற்றங்கஞ்சியும் உழுந்து சேர்ந்த இட்டலியும் எம் முன்னோர் கண்ட நல்ல இணைப்புகள்.

மாலைக்கண் வராது காக்கும் விற்றமின் ஏயை உடல் ஆக்கிக்கொள்வதற்கான பொருள் முருங்கையிலை, பொன்னாங்காணி, பூசணி, பப்பாசி என்பவற்றில் உண்டு. அது கொழுப்புடன் கூடினாலே குடலில் நன்கு உறிஞ்சப்படும். தேங்காய்ப்பூ இட்ட கீரை வறை இதற்கு மிக ஏற்றது. கட்டுக்கட்டாகக் கீரையைச் சந்தைக்கு அனுப்பும் வீட்டிற் குழந்தைகள் வெறும் சொதியுடன் சோறுண்பதை நாம் கண்டிருக்கின்றோம். நாள்தோறும் ஒரு கட்டு வீட்டுக்கென நிற்றல் வேண்டும்.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து எளிதிற் சேர்வதன்று. தேசிக்காய்ப் புளியும் மீனும் கருவாடும் அதனைச் சேரச்செய்கின்றன. தேநீரோ அதனைப் பெருமளவு தடுத்துவிடுகின்றது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் வழக்கத்தை ஒரு மணி நேரமாவது பிற்போடுதல் வேண்டும். தேசிக்காயைச் சோறு உண்ணும்போது கறியிற் பிழிக; அடுப்பிற் கொதிக்கவிட்டால் அதன் விற்றமின் சீ குறைந்துவிடும்.

குழந்தைகளும் தாய்மாரும்

ஆறு மாதம்வரை தாய்ப்பாலே குழந்தைக்குப் போதுமானது. அதன்பின் தாய்ப்பாலுடன் வேற்றுணவும் வேண்டும். குழந்தையின் வயிறு சிறியது. நீர்க்கஞ்சியால் அதனை நிரப்பினால் வயிறு நிறையும், உடல் வளராது. குழைந்த சோறு, மசித்த பருப்பு, கீரை, முள் நீக்கிய மீன், சிறிது தேங்காய்ப்பால் அல்லது எண்ணெய் ஆகியவற்றைக் கெட்டியாகப் பிசைந்து, சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டுதல் வேண்டும்.

நல்லுணவு உண்டும் சோர்வும் மூச்சுவாங்கலும் கண்ணிமையின் உட்புற வெளிறலும் காணப்படின் கொழுக்கிப்புழுவையும் ஐயுறுதல் வேண்டும். மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்துப் புகும் இப்புழு, குடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்சுகின்றது. தோட்டத்துக்குச் செருப்பும் வீட்டுக்கு மலகூடமும் இதற்குக் காப்பு. புழு மருந்தை மருத்துவரின் சொற்படி எடுக்க. கருவுற்ற தாய்மாருக்குச் சிகிச்சை நிலையத்தில் இரும்பு மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வழங்கப்படுகின்றன. ஒன்று மற்றதன் சேர்க்கையைத் தடுக்குமாதலின் இரண்டையும் ஒரே வேளையில் விழுங்காது, ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலுமாகப் பிரித்து உட்கொள்ளலாம். எதனை எவ்வேளையில் என்பதை மருத்துவமாதிடம் கேட்டறிக. இரும்பு மாத்திரையைத் தேநீருடன் எடுக்கலாகாது. வெறும் நீரே போதும்.