வேடந்தாங்கல் மரங்களும் ஊராரும்

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்திற்கு அணித்தே வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் உளது. அதன் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டர் பரப்பே உடையது. ஏரியினுள் நிற்கும் நீர்க்கடம்புகள் நெடுங்காலத்தவை. கருவேல மரங்களோ பறவைகட்கெனப் பிற்காலத்தில் வனத்துறையார் நட்டவை. மனிதர் நட்ட தோப்பிற் காட்டுப்பறவை தங்குமோ என்று ஐயுறுவார் மாரிக்காலம் கழிந்தபின் அவ்வேரிக்கரைக்குச் செல்க. கருவேல் பல திங்கள் நீரில் நின்றும் பட்டுப்போவதில்லை. அதன் முட்கிளைகளில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் அடுக்கடுக்காய்க் கூடு கட்டியிருத்தலைக் காணலாம்.

ஊரார் இம்மரங்களைப் போற்றுவது எதனால்? அருள் ஒன்றே காரணம் எனக் கூற யாம் துணியோம். கூடுகளினின்று விழும் எச்சம் ஏரிநீரிற் கரைந்து, மதகின் வழியே வயல்களுக்கு உரமாய்ப் பாய்கின்றது. மரத்தை விறகிற்கு வெட்டினால் ஒருமுறை பணம் வரும். இவ்வுரமோ ஆண்டுதோறும் வருகின்றது. இதனை உழவர் நன்கறிவர். ஆங்கிலப் படைஞர் பறவைகளைச் சுட்டபோது, முறையிட்டவர் இவ்வூராரே. அதன்மேல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கலெக்டர் லயோனல் பிளேஸ் என்பார் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்கட்குக் கவுலாக எழுதிக் கொடுத்தார். அரசினர் இதனைச் சரணாலயமாக்கியது 1936இல்தான்!

எனினும், எல்லாம் உரக்கணக்கே என்றலும் பொருந்தாது. இரசாயன உரம் கடைதோறும் கிடைக்கும் இந்நாளிலும், கூட்டுப்பறவைகள் வெருவுமென்று அவ்வூரார் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. அங்குள்ள சிறுவர்க்கு அஃது எத்துணை அரிதென்பதை, சிறுபருவம் நீங்கி நெடுநாளாகாத யாம் உணர்வோம்.