விட்டுவிடுவதும் வெற்றியே

பகாங் மாநிலத்தின் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலை ஒட்டி அமைந்த சிற்றூர் கோல ரொம்பின். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் அமைதியடைந்ததும், உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் தூண்டிலும் கையுமாக இங்கு வருகின்றனர். அவர்களை ஈர்ப்பது பாய்மர மீன். மலாய் மொழியில் இதனை ‘ஈக்கான் லாயாரான்’ என்பர். தமிழக மீனவர்கள் ‘மயில் மீன்’ என்பர். முதுகில் பாய்போல் விரியும் துடுப்பும் ஈட்டிபோல் நீண்ட மேல்தாடையும் கொண்ட இம்மீன், மார்லின் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. நன்கு வளர்ந்த மீன் ஏறத்தாழ 3 மீட்டர் நீளம் வரை இருக்கும்.

காலையிலேயே படகுகள் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்து ஆழ்கடலை நோக்கிப் புறப்படுகின்றன. முதல் வேலை, இரைக்காகச் சிறு மீன்களை உயிருடன் பிடிப்பது. பிறகு படகோட்டியின் கண்கள் வானத்தைத் தேடும். கடற்பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டு நீரில் பாய்ந்தால், அங்கே சிறு மீன் கூட்டம் இருக்கிறது என்று பொருள். அக்கூட்டத்தைச் சுற்றி வளைத்து வேட்டையாடப் பாய்மர மீன்களும் வந்திருக்கக்கூடும்.

இரையை மீன் கவ்வியதும் தூண்டில் நூல் சரசரவென ஓடும். மீன் நீருக்கு மேலே துள்ளி, தலையை உதறும். அனுபவமுள்ளவர் இவ்வேளையில் பதற்றப்படமாட்டார். அவர் பயன்படுத்துவது வட்டக் கொக்கி. அதன் முனை உள்நோக்கி வளைந்திருப்பதால், பெரும்பாலும் மீனின் குடலைக் குத்தாமல் வாயோரத்தில் மாட்டும். எனவே, தூண்டிலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நூலைச் சீராகச் சுற்றினாலே போதும். போராட்டம் நீண்டால் மீன் மிகவும் களைத்துவிடும். ஆதலால், உறுதியான நூலைக் கொண்டு அதனை விரைவாகப் படகருகே கொண்டுவருவதே திறமை.

உண்மையான சோதனை அதன் பிறகே தொடங்குகிறது. இப்பகுதியில் நடைபெறும் அனைத்துலகப் போட்டிகளில், பிடித்த பாய்மர மீனை உயிருடன் விடுவிப்பதே வழக்கம். மீனைப் படகில் தூக்கிப் போட்டுப் படம் எடுத்தால், அது மூச்சுத் திணறும், உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படலாம். அதனால், ஈரக் கையுறை அணிந்து அதன் நீண்ட தாடையைப் பிடித்து, உடலை நீருக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். கொக்கியை எளிதில் கழற்ற முடியாவிட்டால், நூலைக் கொக்கியருகே வெட்டிவிடலாம்.

பாய்மர மீன் நீந்திக்கொண்டே சுவாசிக்கும் இனம். நீர் வாய்வழியாகப் புகுந்து செவுள்களைக் கடந்தால்தான் அதற்கு உயிர்வளி கிடைக்கும். ஆகவே, படகு மெதுவாக முன்னே செல்ல, மீனையும் உடன் கொண்டுசெல்வர். சில நிமிடங்களில் அதன் வால் வலுவாக அசையத் தொடங்கும். அப்போது கையை விட்டால், மீன் ஆழத்தில் மறைந்துவிடும்.

விடுவிக்கப்பட்ட மீன்கள் அனைத்தும் பிழைத்துவிடும் என்று கூற இயலாது. அதனால்தான் ஒவ்வொரு படியிலும் இத்தனை கவனம் தேவைப்படுகிறது. கொல்லப்பட்ட மீன் ஒருநாள் உணவாகலாம். பிழைத்த மீனோ முட்டையிட்டு இனத்தைப் பெருக்கும். அடுத்த பருவத்திலும் விருந்தினர் ரொம்பினுக்கு வருவர். படகோட்டிகளின் வீட்டில் அடுப்பும் எரியும். பிடிக்கும் ஆற்றலோடு விடும் பொறுப்பும் சேர்ந்தால்தான் இவ்விளையாட்டு நிலைக்கும்.