மெலாவத்தி மலைக்கோட்டையும் ஈய வியாபாரமும்

வடக்குத் தோட்டங்களுக்குச் சரக்குடன் போகும் நம்மவர் பலர், கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தியை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. பெருநாள் விடுமுறையில் நாம் மேலேறிப் பார்த்தோம். பழைய மதிலும் பீரங்கிகளுமே மிச்சம். ஆனால் ஆற்றுமுகம் முழுவதும் கண்ணுக்குள் அடங்குகிறது. கோட்டை ஏன் இங்கே என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். உள்நாட்டு ஈயம் இவ்வழியேதான் கடலுக்குப் போகவேண்டும்.

அந்த ஈயத்தைத் தமக்கே விற்கவேண்டுமென்று நின்ற டச்சுக்காரர், 1784இல் மலையைப் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டனர். பகாங் உதவியுடன் சுல்தான் இப்ராஹீம் 1785இல் மீட்டார். அத்தோடு தீர்ந்ததா? டச்சுக் கப்பல்கள் ஆற்றுமுகத்தை மறித்து நின்றன. மலை கையிலிருந்தும் சரக்கு வெளியேற வழியில்லை. 1786இல் சுல்தான் உடன்படிக்கைக்கு இசைய நேர்ந்தது.

அன்னாரின் அடக்கஸ்தலம் மலைமேலேயே உள்ளது, ஜியாரத் செய்யலாம். குரங்குகள் கைப்பொருளைப் பறிக்கும், ஜாக்கிரதை.