கரகரப்பு வேறு, ரகசியம் வேறு

"குரலைக் குலைத்து அனுப்பினால் போதும், ஒட்டுக்கேட்பவனுக்கு எதுவும் புரியாது."

இந்த நம்பிக்கையை வைத்துத்தான் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் போர்க்காலத்தில் பேசிக்கொண்டார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டிய அந்த ரேடியோ தொலைபேசி இணைப்பில் ஏ-3 என்றொரு கருவி இருந்தது. குரலின் அலைவரிசையை அது ஐந்து துண்டாக வெட்டும், இடம் மாற்றும், சிலவற்றைத் தலைகீழாகப் புரட்டும். இடையில் கேட்பவர் காதுக்கு வெறும் கிறீச்சொலிதான். ஆனால் ஐந்து துண்டுகளை எத்தனை விதமாக அடுக்கிவிட முடியும்? ஜெர்மன் தபால் துறையின் பொறியாளர்கள் அதைப் பிரித்துவிட்டார்கள். பிறகு நெதர்லாந்துக் கடற்கரையில் ஒரு நிலையம் அமைத்து, பேசப் பேசவே கேட்டார்கள். இத்தாலியின் போர்நிறுத்தம் பற்றி 1943 ஜூலை 29 அன்று இரு தலைவர்களும் பேசியதும் அவர்கள் கையில் சிக்கியது.

குலைத்த குரலுக்குள் குரல் அப்படியே இருக்கிறது. மூச்சு வாங்கும் இடம், சொல்லின் தாளம், ஏற்ற இறக்கம் எதுவும் அழிவதில்லை. மறையாக்கம் என்பது வேறு வேலை. குரலை முதலில் எண்களாக்க வேண்டும். யாராலும் ஊகிக்க முடியாத இன்னொரு எண்வரிசையை அதோடு ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். மறுமுனையில் அதே வரிசையைக் கழித்தால்தான் குரல் திரும்பும். இன்றும் ஸ்க்ராம்ப்ளர் என்ற பெயரில் விற்கும் மலிவான கருவிகளில் பல, குரலின் அலைவரிசையைத் தலைகீழாக்குவதோடு நின்றுவிடுகின்றன. ஒரு சாதாரணக் கணினி அதைச் சில நொடியில் நிமிர்த்திவிடும். அவற்றை நம்பி யாரும் வாய் திறக்காதீர்கள்.

"உடைக்க முடியாத குரல் மறையாக்கம் கணினி வந்த பிறகுதான் சாத்தியமானது."

இல்லை. மேலே சொன்ன உரையாடலுக்கு இரண்டு வாரம் முன்பே, 1943 ஜூலை 15 அன்று, பெல் ஆய்வகத்தின் சிக்சாலி இயந்திரம் வாஷிங்டனையும் லண்டனையும் இணைத்திருந்தது. கருவி தயாராக இருந்தும் அந்தப் பேச்சு பழைய ஏ-3 வழியாகவே போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

சிக்சாலியின் எடை 50 டன்னுக்கு மேல். ஒரு முனைக்கே சுமார் 40 அடுக்குக் கருவிகள். லண்டன் முனையை செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் நிலவறையில் வைத்தார்கள். அதற்கு முன் ஹோமர் டட்லி உருவாக்கியிருந்த வோகோடர் என்ற உத்திதான் இதன் உயிர். குரலின் முழு அலையையும் அனுப்பாமல், எந்தப் பட்டையில் எவ்வளவு சக்தி இருக்கிறது, தொனி எது என்ற குறிப்பை மட்டும் நொடிக்கு 50 முறை எடுத்து அனுப்பும். அந்தக் குறிப்புகளை வைத்து மறுமுனை குரலைப் புதிதாகக் கட்டி எழுப்பும்.

கூட்டிக் கழிக்கும் அந்த எண்வரிசை, அதாவது சாவி, எங்கே இருந்தது தெரியுமா? இசைத்தட்டில். பாதரச ஆவிக் குழாய்களின் இரைச்சலைப் பதிவு செய்து இரண்டே இரண்டு பிரதிகள் எடுத்தார்கள். ஒன்று வாஷிங்டனில், ஒன்று லண்டனில். ஒரு தட்டு சுமார் 12 நிமிடம் ஓடும். இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே வேகத்தில் சுழல வேண்டும். ஒன்று இம்மி பிந்தினாலும் காதில் விழுவது இரைச்சல்தான். பேசி முடித்ததும் தட்டை அழித்துவிடுவார்கள். பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1943 தொடக்கத்தில் பெல் ஆய்வகத்துக்கே போய் இதைப் பார்த்துவிட்டு வந்தவர். திரும்பியதும் ஹான்ஸ்லோப் பார்க்கில் டிலைலா என்ற சிறிய கருவியைக் கட்டினார். அது வேலை செய்தது, ஆனால் பயன்பாட்டுக்கு வருவதற்குள் போர் முடிந்துவிட்டது.

"வலுவான மறையாக்க முறை கிடைத்தால் மீதியெல்லாம் எளிது."

கட்டிப் பார்த்தவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். மறையாக்கம் இந்த வேலையின் சின்னப் பகுதி. கஷ்டம் கம்பியில் இருக்கிறது. தொலைபேசி லைன் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். எக்ஸ்சேஞ்சில் குரல் நொடிக்கு 64,000 பிட்டாக மாறுகிறது. ஆனால் வீட்டுக்கு வீடு இரண்டு மோடம் வழியே போகக்கூடியது அதிகபட்சம் 33,600 பிட். ஆகவே குரலை முதலில் சுருக்கியாக வேண்டும். 1987-ல் வந்த அமெரிக்க அரசின் எஸ்டியூ-3 தொலைபேசி 2400 பிட்டுக்குள்ளேயே குரலை அடக்கியது. பேசுவது புரியும், பேசுபவர் இன்னார் என்று அடையாளம் காண்பதுதான் சிரமம்.

பல வருஷம் முன்பு நானும் ஒரு நண்பரும் இரண்டு கணினி, இரண்டு மோடம், இரண்டு லேண்ட்லைன் வைத்து இதைச் செய்து பார்த்தோம். முதல் நாள் குரல் விட்டு விட்டு வந்தது. மோடத்துக்குள் பிழை திருத்தும் வசதி இருக்கிறது. கெட்டுப்போன துண்டை அது திரும்பக் கேட்டு வாங்கும். கோப்பு அனுப்ப அது வரம். பேச்சுக்கோ, முக்கால் நொடி பிந்திவந்த சொல் வராத சொல்லுக்குச் சமம். அந்த வசதியை நிறுத்தினோம். நிறுத்தியதும் அடுத்த சிக்கல்: ஒரு பிட் கெட்டால் அந்த ஒரு பிட்டோடு சேதம் நிற்கும்படி மறையாக்கத்தை அமைக்க வேண்டும். ஒரு பிட் தொலைந்தேபோனால் இரண்டு பக்கத்துச் சாவி வரிசையும் விலகிவிடும், பழைய இசைத்தட்டுக் கதைதான். அதற்காக ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு அனுப்பினோம். பிறகு மழை வந்தது. தெருமுனைப் பெட்டியில் ஈரம் இறங்கி லைன் கரகரத்தது. இரண்டு மோடமும் பேச்சை நிறுத்திவிட்டு, வேகத்தை மறுபடி பேரம் பேச ஐந்தாறு நொடி எடுத்துக்கொண்டன. அந்த அமைதியில் நண்பர் லைனில் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது.

எல்லா லைனிலும் இது ஓடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செல்போன் வலைப்பின்னலும் பல இணையத் தொலைபேசிகளும் மனிதக் குரலுக்கென்றே செதுக்கிய சுருக்கத்தைப் பயன்படுத்துகின்றன. மோடத்தின் ஒலியை அவை குரல் என்று நினைத்துச் சுருக்கிச் சிதைத்துவிடும்.

"செல்போன் பேச்சு ஏற்கெனவே மறையாக்கப்பட்டதுதானே?"

கைபேசிக்கும் கோபுரத்துக்கும் நடுவில் மட்டும். அதற்கு அப்பால் சாதாரண செல் அழைப்பு நிறுவனத்தின் கருவிகளுக்குள் திறந்த நிலையில்தான் போகிறது. பழைய ஜிஎஸ்எம்மின் ஏ5/1 முறையோ காற்றிலேயே உடைபடக்கூடியது.

"சாவியின் பிரதி அரசிடம் பத்திரமாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை."

1993 ஏப்ரலில் அமெரிக்கா கிளிப்பர் சிப் என்று இதைத்தான் அறிவித்தது. மறு ஆண்டே மாட் பிளேஸ் என்ற ஆய்வாளர் அதன் சரிபார்ப்பு எண் 16 பிட்தான் என்பதைச் சுட்டி, அரசின் கதவைத் தவிர்த்துவிட்டே அந்தச் சிப்பைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். சில ஆண்டுகளில் திட்டம் படுத்துவிட்டது.

"மறையாக்கம் ஓடுகிறது, ஆகவே நடுவில் யாரும் இல்லை."

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை இது. 1976-ல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட முறையில், முன்பின் தெரியாத இருவர் திறந்த லைனிலேயே ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் நடுவில் ஒருவன் உட்கார்ந்து உங்களோடு ஒரு சாவி, உங்கள் நண்பரோடு ஒரு சாவி என்று இரண்டாக உருவாக்கினால்? இரு பக்கமும் மறையாக்கம் ஒழுங்காகவே ஓடும். அவன் எல்லாவற்றையும் கேட்பான்.

1995-ல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபிஃபோன் என்ற மென்பொருளில் இதற்கு மருந்து இருந்தது. உருவான சாவியிலிருந்து சில சொற்கள் திரையில் தோன்றும். ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். நடுவில் ஆள் இருந்தால் சொற்கள் ஒத்துப்போகாது. அவர் பின்னால் கொண்டுவந்த இசட்ஆர்டிபி என்ற முறையில், நடுவில் இருப்பவன் ஒரு அழைப்பில் தற்செயலாகத் தப்பும் வாய்ப்பு 65,536-ல் ஒன்று.

பிஜிபிஃபோனுக்கான ஆங்கிலப் பட்டியலில் 256 சொற்கள் கொண்ட இரண்டு தொகுதிகள் உண்டு. ஒன்றில் ஈரசை, மற்றதில் மூவசை, சொல் விட்டுப்போனாலோ இடம் மாறினாலோ காது கண்டுபிடிப்பதற்காக. தமிழில் அப்படியொன்று தயாரிக்க உட்கார்ந்தேன். மலையும் மழையும் சேர்ந்து இருக்கக்கூடாது. பனியும் பணியும் கூடாது. கரகரக்கும் லைனில் பல்லும் பள்ளும் ஒன்றுதான். கொக்கு, வண்டி, தேங்காய் தாங்கும். அடுத்த தொகுதிக்குப் பம்பரம், வெங்காயம். நூறு சொல் தேறுவதற்குள்ளேயே அரைப் பட்டியலை அடித்துவிட்டேன்.

ஆனால் இந்த மருந்து, வாசிப்பவரின் குரல் உங்களுக்குத் தெரியும் என்ற உறுதியில் நிற்கிறது. இன்று சில நொடிப் பதிவை வைத்தே ஒருவரின் குரலைப் போலி செய்துவிடுகிறார்கள். இசட்ஆர்டிபி ஒரு அழைப்பின் ரகசியத்தில் கொஞ்சத்தைச் சேமித்து அடுத்த அழைப்பின் சாவியில் கலக்கிறது. முதல் முறை நடுவில் ஆள் இல்லாதிருந்தால் பிறகு நுழைவது கடினம். அதனால் முதல் அழைப்பை இருவரும் ஒரே அறையில், இரண்டு திரைகளையும் பக்கத்தில் வைத்துப் போட்டுவிடுங்கள்.