பரு போய்விடும், க்ரீம் போட்ட தழும்பு போகாது

சாயங்காலம் ஸ்கூல் வேன்களும் காலேஜ் பஸ்களும் பிள்ளைகளை இறக்கிவிடும் நேரத்தில், மேடவாக்கம் கூட்ரோடு பக்கம் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். "அண்ணா, இந்த க்ரீம் இருக்கா?" என்று போனில் ஒரு படத்தைக் காட்டும் பிள்ளை ஒன்றாவது வரும். பதின்வயதுப் பரு பெரும்பாலும் வயதோடு அடங்கிவிடும். அதை அவசரமாக விரட்டப் பூசுவதுதான் முகத்தில் தங்கிவிடுகிறது.

நம்பிக்கை: பருவுக்குக் காரணம் உடம்புச் சூடு.

உண்மை: மாம்பழத்தின் மீதும் கோழிக்கறியின் மீதும் நாம் போடுவது வீண்பழி. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடும்போது எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரக்கின்றன. இறந்த செல்கள் துவாரத்தை அடைக்க, உள்ளே பாக்டீரியா பெருகி வீங்குகிறது. மோரும் இளநீரும் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் அவை பருவைக் கரைக்காது. சாப்பாட்டில் ஆய்வுகள் சந்தேகப்படுவது சர்க்கரையையும் மைதாவையும், ஓரளவு பாலையும், ஜிம் பையன்கள் குடிக்கும் வே புரோட்டீனையும்தான். தலைக்கு வழிய வழிய எண்ணெய் வைத்தால் நெற்றியில் பொரிப்பொரியாகக் கிளம்புவதும் உண்டு.

நம்பிக்கை: அடிக்கடி சோப்பு போட்டுக் கழுவினால் முகம் தெளியும்.

உண்மை: காலையும் இரவும் இரண்டு தடவை போதும், விளையாடி வியர்த்தால் இன்னொரு தடவை. நம் பக்கத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர், இல்லாவிட்டால் லாரித் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பக்கெட்டில் படியும் அதே வெள்ளைப் படிவம் தோலிலும் ஒட்டி வறட்டும். சோப்பு இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டு, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஜெல் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். எண்ணெய் வழியும் முகத்துக்கும் அது தேவை.

நம்பிக்கை: எலுமிச்சை, பேக்கிங் சோடா, டூத்பேஸ்ட் எல்லாம் வீட்டு வைத்தியம்தானே, கெடுதல் வராது.

உண்மை: தோலின் அமிலக் கணக்கு (pH) ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாற்றுக்கு 2, பேக்கிங் சோடா கரைசலுக்கு 8-க்கு மேல். இரண்டுமே தோலின் மேல்படலத்தைக் கெடுக்கும், டூத்பேஸ்ட் எரிக்கும். நம் நிறத் தோலில் எரிந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் நிற்கும். பருவைக் கிள்ளினாலும் இதே கதி.

நம்பிக்கை: கறுத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு?

உண்மை: மெலனின் ஓரளவு காக்கும், முழுதாக அல்ல. சென்னைக் கோடை நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். பருத் தழும்பின் கருமையை வெயில் இன்னும் ஏற்றும். எஸ்.பி.எஃப். 30 போதும். தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் 97 சதவீதத்தை அது தடுக்கும், 50 என்றால் 98. ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசினால்தான் பலன். கிரவுண்டில் ஆடினால் இரண்டு மணிக்கொரு முறை பூச வேண்டும், தொப்பியும் வேண்டும்.

நம்பிக்கை: சீக்கிரம் வெளுக்கவைக்கும் க்ரீம் நல்ல க்ரீம்.

உண்மை: பயப்பட வேண்டியது இதற்குத்தான். 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. நம் ஆசை மாறவில்லை. ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம். டியூபைத் திருப்பிப் பாருங்கள்: பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மோமெட்டசோன் என்று இருந்தால் அது அழகு க்ரீம் அல்ல, மருந்து. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தநாளம் தெரியும், முடி முளைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரிய, பயந்துபோய் மறுபடி அதையே வாங்குவார்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்றாக்கியது. அட்டைப்பெட்டியின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் கேட்காதீர்கள்.

பெயரும் விலாசமும் இல்லாத டப்பா க்ரீமில் பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மலப்புறத்தில் ஒரு சிறுநீரகக் கோளாறோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு அதன் அபூர்வ வகை ஒன்றை மருத்துவர்கள் கண்டார்கள். அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள்.

நம்பிக்கை: பத்து வகை சீரம் போட்டால்தான் தோல் நாளைக்கும் நன்றாக இருக்கும்.

உண்மை: சுருக்கம் போக்கும் ரெட்டினால் சீரம் 15 வயதுக்கு வீண்செலவு, எரிச்சலும் இலவசம். ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றும் போதும். சின்னப் பருக்களுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு உதவும். தலையணை உறையை வெளுத்துவிடும், பழைய உறை போட்டுக்கொள்ளுங்கள். பலன் தெரிய எட்டு வாரமாவது ஆகும். கட்டிகட்டியாக வந்தாலோ, குழி விழுந்தாலோ காத்திருக்க வேண்டாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் தோல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. க்ரீமுக்குச் செலவழிப்பதைவிட அங்கே போகும் பஸ் டிக்கெட் மலிவு.