எல்லைக்கு அப்பால் படிக்கும் பிள்ளைகளுக்கு

களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, அப்பால் நெய்யாற்றின்கரை. கேரள எல்லை இங்கே வந்ததே 1956 நவம்பர் 1-இல்தான். அதனால் தமிழ் ஓரளவு பலருக்கும் புரியும். காரக்கோணம் மருத்துவக் கல்லூரிப் பக்கம் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு:

* இரவு என்றால் தட்டுக்கடைதான். தோசை, சம்மந்தி (சட்னி), ஆம்லெட். ‘சாயா’ கேட்டால் பாலோடு வரும். பால் வேண்டாமென்றால் ‘கட்டன்’. சாப்பிடும் முன் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கடைக்காரரிடமே கேளுங்கள். நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் கேரள அரசு பஸ் டிப்போக்கள் உண்டு.

* மாசி, பங்குனியில் கோயில் உற்சவங்கள். கானமேளா (பாட்டுக் கச்சேரி), நாடகம் என்று நள்ளிரவு வரை நீளும், காசு கிடையாது. தனியாகப் போகாமல் வீட்டுக்காரக் குடும்பத்தோடு போங்கள். ஊரே அறிமுகமாகிவிடும், அடுத்த நாள் மீன்காரர்கூட நலம் விசாரிப்பார். பல கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வேட்டி எடுத்து வையுங்கள்.

* அந்தியில் நிலவிளக்கு ஏற்றும் வீடானால் அந்த நேரம் திண்ணையில் போனில் சத்தமாகப் பேசாதீர்கள். வீட்டம்மாவைச் ‘சேச்சி’ என்றே கூப்பிடலாம். இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தந்தால் பயப்படாதீர்கள், பதிமுக மரச்சீவல் போட்டுக் காய்ச்சியது. இரவில் கஞ்சியும் பயறும் கிடைத்தால் விடாதீர்கள். மெஸ் சாப்பாடு கிட்டேயே வராது.

* தாமதமாக வருவதானால் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.